லேபிளை மறைத்துப் பழைய ஒயின்களைச் சுவைப்பது: குன்னூர் நண்பர்களுக்கு ஒரு பதில்

குன்னூரிலிருந்து வந்த கேள்வி சுருக்கமாக இது. ஆறு நண்பர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவந்தவை, பயணங்களில் வாங்கியவை என்று ஒன்பது ஒயின் புட்டிகள் சேர்ந்திருக்கின்றன: வெள்ளையில் ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கு செமியோன், ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங்; சிவப்பில் ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரிசர்வா 2001, இத்தாலியின் பரோலோ 2004, பிரான்சின் போர்தோ 2005, ஆஸ்திரேலியாவின் கூனவாரா கேபர்நே, நந்தி மலைப் பகுதியின் ஒரு சிவப்பு ஒயின்; பிரான்சின் இனிப்பு ஒயினான சோத்தேர்ன் 2001, போர்ச்சுகலின் தீவு ஒயினான ஒரு மதேரா. ஜனவரியில் ஒரு மாலை எல்லாவற்றையும் லேபிள் தெரியாமல் சுவைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். எப்படித் திறப்பது, எந்த வரிசையில் ஊற்றுவது, மதிப்பெண் போடலாமா என்று கேட்கிறார்கள். குழுவில் ஒருவர் மட்டும், பழைய ஒயினைப் பெயர் மறைத்துக் கொடுப்பது அதற்குச் செய்யும் அநியாயம் என்கிறாராம். அவர் சொல்வது சரியா என்பதும் கேள்வியில் அடங்கும்.

அந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை. எல்லாவற்றையும் கலந்து, எந்தத் தகவலும் தராமல், ஒன்பது கிளாஸ்களை வரிசையாக நீட்டினால், சத்தமாகப் பேசும் ஒயின்தான் ஜெயிக்கும். நிறம் அடர்ந்தது, ஆல்கஹால் கூடியது, இனிப்பு மிகுந்தது, ஓக் மரப் பீப்பாயின் வாசனை தூக்கலானது முன்னால் வந்து நிற்கும். இருபது ஆண்டு இருட்டில் கிடந்து மென்மையான ஒரு ஒயின் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அது அநியாயம்தான். ஆனால் அதற்குக் காரணம் லேபிளை மறைத்தது அல்ல, யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம் என்பதுதான். அதைச் சரிசெய்துவிட்டால், முதிர்ந்த ஒயின்களுக்குத்தான் பெயர் மறைப்பது மிக அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். புதிய ஒயின் ஒரு பெட்டி வாங்கினால் பன்னிரண்டு புட்டியும் ஏறக்குறைய ஒரே சுவைதான். இருபது ஆண்டு கழித்து அப்படி இல்லை. ஒவ்வொரு தக்கையும் வெவ்வேறு அளவு காற்றை உள்ளே விட்டிருக்கும், ஒவ்வொரு புட்டியும் வெவ்வேறு கப்பலிலும் அலமாரியிலும் வெயிலிலும் இருந்திருக்கும். எனவே போர்தோ 2005 என்று லேபிள் சொல்வது, அந்த ஒயின் எங்கே எப்போது பிறந்தது என்பதை மட்டும்தான். இப்போது அது எப்படி இருக்கிறது என்பதைப் புட்டிக்குள் இருப்பதுதான் சொல்ல வேண்டும். லேபிளைப் பார்த்துவிட்டால் நாம் அதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். நல்ல ஆண்டு, பெரிய பெயர், அண்ணன் பிரான்சிலிருந்து சுமந்துவந்தது என்ற நினைப்பெல்லாம் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. 2001இல் போர்தோவில் 54 ஒயின் மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினை மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். வெள்ளையாக இருந்தபோது தேன், எலுமிச்சை என்று எழுதக்கூடியவர்கள், சாயம் கலந்த அதே ஒயினுக்குச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களை எழுதினார்கள். மூக்கு சொன்னதைக் கண் மாற்றி எழுதிவிட்டது. நிறத்துக்கே இந்த வலிமை என்றால், லேபிளுக்கு எவ்வளவு இருக்கும்?

முதிர்ந்த ஒயினுக்கு இன்னும் பொருத்தமான சான்று ஒன்று உண்டு. 1976 மே 24 அன்று பாரிஸில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் பிரெஞ்சு நடுவர்களை வைத்துப் பெயர் மறைத்து நடத்திய போட்டியில், கலிஃபோர்னியாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப் சிவப்பிலும் 1973 ஷாத்தோ மாண்டெலேனா வெள்ளையிலும் முதலிடம் பெற்றது பலருக்குத் தெரியும். அதற்குப் பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். கலிஃபோர்னியா ஒயின்கள் இளமையில் மயக்கும், போர்தோ போல முதுமை தாங்காது என்ற மறுப்பு எழுந்தது. 2006இல், சரியாக முப்பது ஆண்டு கழித்து, அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாப்பாவிலும் ஒரே நாளில் மீண்டும் மறைத்துச் சுவைத்தார்கள். முதலிடம் பெற்றது 1971 ரிட்ஜ் மாண்டே பெல்லோ. முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே. லேபிள் தெரிந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது என்று நம்புகிறேன்.

ஆகவே என் பரிந்துரை, பாதி மறைப்பது. இன்று மேஜையில் இருக்கும் ஒன்பது ஒயின்கள் எவை என்ற பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கட்டும். எது எந்தக் கிளாஸில் என்பது மட்டும் தெரிய வேண்டாம். முழுக்க மறைத்தால் மாலை முழுவதும் இது எந்த நாடு, எந்தத் திராட்சை என்ற வினாடி வினாவாகிவிடும். பட்டியல் கையில் இருந்தால் ஊகிக்கும் வெறி அடங்கி, கிளாஸில் இருப்பதைக் கவனிக்க மனம் வரும்.

இனி புட்டிகளின் பாடு. நீங்கள் இருக்கும் இடம் பெரிய வரம். ஒயின் வைக்கும் நிலவறைக்கு 12 முதல் 14 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்று சொல்வார்கள். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில், வெயில் படாத வடக்குப் பக்கத்து உள்ளறை ஒன்று, இயந்திரம் எதுவும் இல்லாமலே அதற்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ அலமாரியில் பத்து கோடை கழித்த புட்டிக்கும் உங்களுடையதற்கும் ஒப்பீடே கிடையாது. குழுவில் யாராவது சமவெளியிலிருந்து புட்டி கொண்டுவருவதாக இருந்தால், மேட்டுப்பாளையம் வெயிலில் கார் டிக்கியில் போடாமல், விடியற்காலையில் துணி சுற்றி எடுத்துவரச் சொல்லுங்கள். அதுவும் இரண்டு மூன்று வாரம் முன்பே வர வேண்டும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் அடியில் படிந்த வண்டலை முழுவதும் கலக்கிவிடும். அது மறுபடி இறங்க அவகாசம் தேவை.

அந்த வண்டலைப் பற்றிப் பயம் வேண்டாம். சிவப்பு ஒயினில் நிறம் தரும் பொருள்களும் துவர்ப்புத் தரும் டானினும் ஆண்டுகள் செல்லச்செல்ல ஒன்றோடொன்று பிணைந்து, கனமாகி, கீழே இறங்குகின்றன. அதனால்தான் பழைய சிவப்பு வெளிறுகிறது, துவர்ப்பும் தணிகிறது. வெள்ளை ஒயின் இதற்கு நேர்மாறாக நிறம் ஏறிப் பொன்னாகும். வண்டல் கெடுதல் இல்லை, ஆனால் கிளாஸில் விழுந்தால் கசப்பும் மணல்போன்ற நெருடலும் வரும். எனவே சிவப்புப் புட்டிகள் ஐந்தையும் இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி நிறுத்துங்கள். அப்போதே ஒயின் மட்டம் கழுத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். கழுத்தின் அடிவரை இருப்பது இருபது ஆண்டுக்கு இயல்பு. தோள்பட்டைக்குக் கீழே போயிருந்தால் காற்று நிறைய உள்ளே போயிருக்கிறது என்று பொருள். தக்கை சற்று மேலே தள்ளிக்கொண்டு, உறைக்குள் ஒட்டும் கசிவு இருந்தால் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. இந்தக் குறிப்பு புட்டிகளைக் கையாளும் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

திறப்பதற்குச் சாதாரண திருகாணியை நம்ப வேண்டாம். பழைய தக்கை நடுவில் துளைத்தால் பொடிந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட கார்க் எடுப்பான் கிடைக்கிறது. தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்தத் தகடுகளை மாற்றி மாற்றி அழுத்தி இறக்கி, திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். அதற்கும் தப்பித் தக்கை உள்ளே விழுந்தால், வெந்நீரில் மட்டும் அலசிய மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். சோப்புப் போட்டுத் துவைத்த துணி கூடாது.

வண்டல் கலக்காமல் ஒயினை வேறு பாத்திரத்துக்கு வடிப்பதற்குப் பொறுமையும் ஒரு விளக்கும் போதும். புட்டியின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோ சிறு டார்ச்சோ இருக்கட்டும். நிறுத்தாமல் ஒரே சீராகச் சாய்த்து ஊற்ற வேண்டும். கழுத்தில் கருப்பாகப் புகைபோல் ஒரு கோடு நகர்ந்து வருவது தெரியும்போது நிறுத்திவிட வேண்டும். அடியில் இரண்டு விரற்கடை மீந்தால் மீந்துபோகட்டும், ஆசைப்பட்டு ஊற்றினால் மேலே உள்ளதும் கெடும்.

மறைப்பதில் காகிதம் சுற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் புட்டியின் உருவத்தை மறந்துவிடுகிறார்கள். மோசல் புட்டி ஒல்லியாக நீளமாக இருக்கும், போர்தோவுக்கு நிமிர்ந்த தோள் இருக்கும், பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் உருவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆகவே வடித்ததை ஒரே மாதிரியான வெறும் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றுவதே சரி. சமையலறையில் ஒருவர் வடித்து அ, ஆ, இ என்று எழுத்திடட்டும். அவர் வெளியே வந்தபின் இன்னொருவர் உள்ளே போய், அந்த எழுத்துகளை எண்களாக மாற்றி, எது எதுவானது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். முதலாமவருக்கு எண் தெரியாது, இரண்டாமவருக்குப் பெயர் தெரியாது. இப்படிச் செய்தால் ஆறு பேருமே சுவைப்பதில் கலந்துகொள்ளலாம்.

ஆனால் இதை மதியமே செய்து முடித்துவிடாதீர்கள். முதிர்ந்த ஒயினுக்குக் காற்று நண்பனும் பகைவனும் ஆகும். கூனவாராவும் போர்தோவும் ஒரு மணி நேரம் காற்றில் இருந்தால் அடங்கிய மணம் திறந்துகொள்ளும். ரியோஹாவை ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் வடிக்க வேண்டும். பரோலோவுக்கு என்ன செய்வது என்பதில் அறிந்தவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் புட்டியைக் காலையில் திறந்து, சிறிது முகர்ந்து பார்த்து, அடங்கிக் கிடந்தால் அப்போதே வடித்துவிடுவேன், மணம் ஏற்கெனவே எழுந்து நின்றால் மாலைவரை அப்படியே மூடிவைப்பேன்.

இப்போது வரிசை. இதில்தான் அந்த நண்பர் பயந்த அநியாயத்தைத் தவிர்க்க முடியும். ஒன்பதையும் ஒன்றாகக் குலுக்காமல் நான்கு சுற்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்குள் மட்டும் எண்ணை மாற்றிப் போடுங்கள்.

முதல் சுற்று இரண்டு வெள்ளைகள், செமியோனும் ரீஸ்லிங்கும். உண்மையில் இந்தச் சுற்றுதான் உங்களுக்கு அதிக வியப்பைத் தரும் என்று எதிர்பார்க்கிறேன். ஹன்டர் செமியோன் இளமையில் எலுமிச்சை பிழிந்த தண்ணீர்போல மெலிந்து கிடக்கும், ஆல்கஹாலும் 11 சதவீதத்தை ஒட்டித்தான். அதே ஒயின் பத்துப் பதினைந்து ஆண்டில், மரப்பீப்பாயின் வாசலையே மிதிக்காமல், வறுத்த ரொட்டியும் தேனும் வெண்ணெயும் மணக்க எழுந்து நிற்கும். ஓக்கில் வைத்ததுதான் என்று அனுபவசாலிகள்கூட அடித்துச் சொல்வார்கள். ரீஸ்லிங்குக்கு வேறொரு அடையாளம், மண்ணெண்ணெய் வாசனை. பதற வேண்டாம். வெயில் பட்ட திராட்சையில் உள்ள கரோட்டினாய்டுகள் உடைந்து, ஆண்டுகள் போகப்போக டிடிஎன் என்ற சேர்மமாக வெளிப்படுகின்றன, அதன் மணம் அது. தேயிலையைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு: இலையில் உள்ள கரோட்டினாய்டுகள் உடைவதும்தான் நல்ல தேநீரின் மலர் மணத்துக்கு ஒரு காரணம். நான் தேயிலை ருசி பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன். கோப்பைக்குள் நடக்கும் இந்த உறவுகள் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

இரண்டாம் சுற்றில் ரியோஹாவும் பரோலோவும். இரண்டும் வெளிறிச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும், பார்வைக்கு அண்ணன் தம்பி. வாயில் வைத்தால் வேறுபாடு புரியும். கிரான் ரிசர்வா என்ற தரத்து ரியோஹா விற்பனைக்கு வரும் முன் குறைந்தது ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், அதில் இரண்டு ஆண்டாவது பீப்பாயில். மரபான ரியோஹாக்காரர்கள் பயன்படுத்துவது அமெரிக்க ஓக். அந்த மரத்தில் உள்ள லாக்டோன் என்ற சேர்மங்கள் தருவது கொப்பரைத் தேங்காயின் மணம். நம்மவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே தேவையில்லை. பரோலோ நெபியோலோ திராட்சையில் செய்வது, குறைந்தது 38 மாதம் முதிர்ந்தது. அதில் குல்கந்தும் தாரும் ஒருசேர மணக்கும். நிறத்தைப் பார்த்து மெலிந்தது என்று நினைத்து வாய் நிறைய எடுத்தால், ஈறு வரை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு வந்து நிற்கும். இந்த வகைத் துவர்ப்பைக் குறை என்று எழுதிவிடாதீர்கள். கூடவே புளிப்பும் மணமும் நிற்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் நின்றால் அந்தப் புட்டிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

மூன்றாம் சுற்று கேபர்நே திராட்சையின் குடும்பம்: போர்தோ, நந்தி மலை, கூனவாரா. நீலகிரியில் வளர்ந்த மூக்குக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. கூனவாரா உள்ளிட்ட தென் ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்கள் பலவற்றில் யூகலிப்டஸ் தைல வாசனை வரும். கற்பனை இல்லை, தோட்டத்தை ஒட்டி நிற்கும் மரங்களின் இலையும் அதன் எண்ணெயும் திராட்சையோடு சேர்ந்து வருவதால் அந்த வாசனையைத் தரும் சினியோல் என்ற சேர்மம் ஒயினுக்குள் புகுகிறது. அந்த நாட்டு மரத்தைப் 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து நட்டார்கள், ஊட்டிக்குப் போய்வந்தவர் வீட்டிலெல்லாம் தைலப் புட்டி இருக்கிறது. கூனவாராவை உங்களில் ஒருவராவது முகர்ந்தவுடன் சொல்லிவிடுவார்.

நந்தி மலை ஒயினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று நீங்கள் தயங்கியிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம். நம் நாட்டுச் சிவப்புகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் குடிக்கச் செய்யப்பட்டவை, அதனால் அது தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் மலைக் குளிரில் கிடந்த ஒரு நல்ல புட்டி பேரீச்சையும் மிளகும் மணக்கத் தாக்குப்பிடித்திருக்கக்கூடும். லேபிள் தெரிந்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: உள்ளூர்ச் சரக்கு என்று தள்ளுவோம், அல்லது நம்முடையது என்று தூக்கி வைப்போம். மறைத்தால்தான் அதற்கு உரியது கிடைக்கும். இதே சுற்றில் இன்னொன்றும் செய்யுங்கள். மூன்றில் ஒன்றை இரண்டு எண்களில் ஊற்றுங்கள், கிளாஸ் நான்காகட்டும். எது இரட்டை என்று எண் போட்டவருக்கு மட்டும் தெரியட்டும். அவர் அந்தச் சுற்றில் மட்டும் தரவரிசையிலிருந்து விலகி நிற்கட்டும்.

இதற்குக் காரணம், மதிப்பெண் பற்றிய உங்கள் கேள்வி. கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் மாநிலக் கண்காட்சிப் போட்டி நடுவர்களுக்கு ஒரே புட்டியின் ஒயினை ஒரே அமர்வில் மூன்று முறை தெரியாமல் கொடுத்துப் பார்த்தார். பத்தில் ஒரு நடுவர்தான் ஓரளவு ஒரே மாதிரி மதிப்பெண் போட்டார். 2008இல் அந்த ஆய்வு வெளியானது. தொழில்முறை நடுவர்களுக்கே இந்த நிலை என்றால், நூற்றுக்கு 91, 93 என்று நாம் போடுவதில் பொருளில்லை. சுற்றுக்குள் எது முதல், எது கடைசி என்று தரவரிசை மட்டும் போடுங்கள். இரட்டைக் கிளாஸ்களுக்கு உங்கள் வரிசையில் எவ்வளவு இடைவெளி விழுந்தது என்று கடைசியில் பார்த்தால், அன்றைய உங்கள் நாக்கை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

தரவரிசைக்கும் முன்னால் ஒவ்வொரு கிளாஸுக்கும் எழுத வேண்டிய முதல் வரி ஒன்று உண்டு: ஏறுகிறதா, உச்சியில் நிற்கிறதா, இறங்குகிறதா, முடிந்துவிட்டதா. பழைய ஒயினைச் சுவைக்கும் வேலை இதுதான். பழச்சுவை இன்னும் முன்னால் நின்று துவர்ப்பு முரடாக இருந்தால் ஏறுகிறது. பழத்தோடு மழை பெய்த சோலைத் தரை, காளான், காய்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை, தோல்பொருள் போன்ற மணங்கள் சேர்ந்து, விழுங்கிய பின்னும் நீடித்தால் உச்சி. அந்த மணங்கள் மட்டும் மிஞ்சி நடுவாய் வெறுமையாக இருந்தால் இறக்கம். ஒன்றுமே இல்லாமல் புளிப்பு மட்டும் நின்றால் முடிந்துவிட்டது. இதை எழுதும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள். ஒருவர் "காளான்" என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் காளான்தான் மணக்கும்.

முதுமையையும் பழுதையும் பிரித்தறிவது தனிப்பாடம், ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை தக்கையின் கோளாறு. லிட்டருக்குச் சில நானோகிராம் டிசிஏ என்ற சேர்மம் போதும் பழத்தின் மணத்தை அமுக்கிவிட. மலை வீடுகளில் மழைக்காலத்து அலமாரியும் ஏறக்குறைய இப்படித்தான் மணக்கும் என்பதால், பழி கிளாஸுடையதா ஒயினுடையதா என்று வேறு கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். நகப்பூச்சும் காடியும் மணந்தால் அசிட்டிக் அமிலம் மிஞ்சிவிட்டது, லேசாக இருந்தால் பழைய ஒயினில் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் காற்று புகுந்ததன் அடையாளம். நம் நாட்டில் அதிகம் காணக்கிடைப்பது வெந்துபோன ஒயின். அதில் வேகவைத்த உலர்பழத்தின் ஒரே மணம்தான் இருக்கும், அடுக்குகள் இருக்காது. முதுமை அடுக்கடுக்காக மணக்கும்.

நான்காம் சுற்றுக்கு வந்துவிட்டோம். இதில் மறைப்பதால் பெரிய பயன் இல்லை, சோத்தேர்னையும் மதேராவையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பெயரைச் சொல்லியே ஊற்றுங்கள். சோத்தேர்ன் உங்களுக்குப் புரியும் ஒயின். சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர் காரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பாட்ரிட்டிஸ் பூஞ்சை திராட்சையைப் பற்றும், மதிய வெயில் அதைக் காயவைக்கும், பழம் சுருங்கிச் சர்க்கரை செறியும். பனியும் வெயிலும் அரை நாள் அரை நாளாகப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஒழுங்கு தவறினால் எல்லாம் அழுகல்தான். 2001 அங்கே மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று. இந்தப் புட்டி இப்போது ஏலக்காய் இல்லாத பாதுஷாப் பாகுபோலப் பொன்னிறத்தில் இருக்கும். அதன் சிறப்பு இனிப்பில் இல்லை, இனிப்பை அறுக்கும் புளிப்பில் இருக்கிறது.

மதேரா எனக்கு எல்லாவற்றிலும் பிரியமானது. மற்ற ஒயின்களைக் கெடுக்கும் வெப்பமும் காற்றும்தான் இதை ஆக்குகின்றன. பிராந்தி சேர்த்துக் கப்பலேற்றிய மதேராப் பீப்பாய்கள் வெப்பக் கடல்களைக் கடந்து திரும்பியபோது முன்பைவிடச் சிறந்திருப்பதைக் கண்டு, 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய பீப்பாய்க்கு என்றே கூடுதல் விலை வைத்தார்கள். அப்போது சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் விரும்பிக் குடித்த ஒயின்களில் அது ஒன்று. இன்று கப்பலுக்குப் பதிலாகச் சூடேற்றிய தொட்டிகளிலோ, வெயில் காயும் மேல்மாடப் பீப்பாய்களிலோ முதிர்கிறது. வறுத்த பாதாம், எரித்த சர்க்கரை, அதற்கு அடியில் கத்திபோல ஒரு புளிப்பு. இதை அவசரமின்றிக் குடியுங்கள்.

அறையைப் பற்றிச் சில சொற்கள். ஜனவரி நல்ல தேர்வு, மழை ஈரம் இல்லை. ஆனால் குளிர் அதிகம். பத்துப் பன்னிரண்டு டிகிரியில் சிவப்பு ஒயின் வாயை இறுக்கிக்கொள்ளும், 16 முதல் 18 டிகிரிதான் அதற்கு உகந்தது. அதற்காகக் கணப்பில் சீகை விறகை மூட்டிவிடாதீர்கள், புகை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மின் கணப்பை முன்கூட்டியே போட்டு அறையை வெதுவெதுப்பாக்கி, மக்கள் வரும்போது அணைத்துவிடுங்கள். கிளாஸை உள்ளங்கையில் ஏந்தினாலும் ஓரிரு நிமிடத்தில் ஏறிவிடும். ஊதுபத்தி, மல்லிகை, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். சமையலறையில் தாளிப்பதை வடித்து முடிக்கும்வரை தள்ளிவையுங்கள். கிளாஸ்களை வெந்நீரில் அலசி, கவிழ்க்காமல் காயவிடுங்கள். இடையில் கொறிக்க உப்பில்லாத ரொட்டி போதும். வர்க்கி ஆசையைத் தூண்டும், ஆனால் அதன் கொழுப்பு நாக்கில் படிந்து துவர்ப்பை மறைத்துவிடும். சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு கிளாஸில் 50 மில்லி ஊற்றினால் ஆறு பேருக்கு 300 ஆகிறது. மீதி சாப்பாட்டு மேஜைக்கு இருக்கும், எது முதலில் தீர்கிறது என்பதும் ஒரு தீர்ப்புத்தான். ஆனால் பத்துக் கிளாஸ் என்பது ஆளுக்கு 500 மில்லி. விழுங்கினால் மூன்றாம் சுற்றில் யாருக்கும் மூக்கு வேலை செய்யாது. எங்கள் தொழிலில் நாள் முழுவதும் கோப்பை கோப்பையாக உறிஞ்சினாலும் எல்லாவற்றையும் துப்பிவிடுவோம். ஆளுக்கொரு படிக்கம் வையுங்கள், கூச்சம் முதல் சுற்றோடு போய்விடும். தேநீர் உறிஞ்சுவதுபோல் சத்தத்தோடு காற்றைச் சேர்த்து உறிஞ்சுங்கள், மணம் மூக்கின் பின்வாசல் வழியாக ஏறும். அன்றிரவு யாரும் மலைப்பாதையில் வண்டி எடுக்கக் கூடாது. படுக்க இடம் இருக்கும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சொல்லிவிடலாமா, கடைசியிலா என்று கேட்பீர்கள். சுற்றுக்குச் சுற்று சொல்லிவிடுங்கள். கிளாஸில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கும்போது பெயரைக் கேட்டு, மறுபடி ஒரு வாய் சுவைப்பதில்தான் கற்றுக்கொள்வது நடக்கிறது. கூடவே அந்தப் புட்டியைக் கொண்டுவந்தவர் அதன் கதையைச் சொல்லட்டும். ஒன்பதில் ஏதாவது ஒன்று யாருக்காவது மனத்துக்கு மிக நெருங்கியது என்றால், காலமான அப்பா வாங்கியது, திருமண ஆண்டு ஒயின் என்பதுபோல, அதைப் போட்டிக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சாப்பாட்டின்போது பெயர் சொல்லி, லேபிள் தெரிய மேஜை நடுவில் வைத்துக் குடியுங்கள். உங்கள் நண்பர் கேட்ட நியாயம் அந்தப் புட்டிக்கு உண்டு.

மறுநாளுக்கு இரண்டு வேலை. மதேராவில் மீந்ததைத் தக்கையிட்டு நிமிர்த்தி வையுங்கள், பல மாதம் அப்படியே இருக்கும். காலிப் புட்டிகளை ஓடைப் பக்கமோ புதர்ப் பக்கமோ விடாமல் எண்ணி எடுத்துவையுங்கள். காட்டில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகள் யானைகளின் காலைக் கிழிப்பதால்தான், உயர் நீதிமன்றம் சொல்லி, 2022இல் நீலகிரியில் காலி மதுப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டமே வந்தது. உங்கள் வெளிநாட்டுப் புட்டிகளுக்கு அந்தப் பத்து ரூபாய் கிடைக்காது. லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, குறிப்பேட்டில் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, புட்டிகளைக் கண்ணாடி வாங்கும் கடையில் சேர்த்துவிடுங்கள்.